தென்னைக்குள் குடையும் கூன்வண்டைக் கேட்டறிதல்: பீசோ தகட்டின் ஒலியைப் பெருக்கும் முறை

தென்னையில் காண்டாமிருக வண்டு விழுந்தால் கண்ணால் கண்டுகொள்ளலாம். குருத்தைக் குடைந்த வண்டின் தடம், ஓலை விரிந்தபின் கத்தரியால் வெட்டியது போல் முக்கோணமாகத் தெரியும். சிவப்புக் கூன்வண்டு அப்படிப்பட்டதன்று. தாய் வண்டு, தண்டில் உள்ள காயத்திலோ வெடிப்பிலோ, காண்டாமிருக வண்டு போட்ட துளையிலோ முட்டைகளை வைத்துவிட்டுப் போய்விடும். சில நாட்களில் முட்டை பொரிந்து, காலில்லாத வெண்ணிறப் புழுக்கள் உள்ளே குடைந்து செல்லும். ஒரு மாதத்துக்கு மேல், சில சமயம் இரண்டரை மாதம் வரை, அவை வெளியே தலைகாட்டாமல் தண்டின் மென்மையான பகுதியைத் தின்று, ஏறக்குறைய 2 அங்குல நீளம் வரை வளரும். பிறகு மரத்தின் நாரையே சுற்றிக் கூடு கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாக மாறி, வண்டாக வெளிவரும். ஒரே மரத்துக்குள் அடுத்தடுத்த தலைமுறைகள் வளர்வதும் உண்டு.

தண்டில் சிறு துளை, அதிலிருந்து வடியும் செம்பழுப்பு நிறச் சாறு, துளையின் வாயில் தள்ளப்பட்ட நார்ச்சக்கை, புளித்த வாடை ஆகியவை இதன் அடையாளங்கள். உள் ஓலைகள் மஞ்சளித்து நடுக்குருத்தும் வாடினால் தாக்குதல் முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும். அதன்பின் ஒரு நாள் காற்றில் கொண்டை முறிந்து விழும். பெரும்பாலும் 5 வயது முதல் 20 வயது வரையுள்ள மரங்களே இதற்குப் பலியாகின்றன. நட்டு, நீர் வார்த்து, காய்ப்புக்கு வந்த பருவத்தில் மரம் போவதால் நட்டம் அந்த ஆண்டு மகசூலோடு நிற்பதில்லை. அதே குழியில் மறுகன்று வைத்து, நெட்டை ரகத்தில் காய் பார்ப்பதற்கு மேலும் ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஓலை வாடுவதற்கு முன்பே இப்பூச்சி தன் இருப்பை ஒரு வழியில் தெரிவித்துவிடுகிறது. புழு நாரைக் கடித்து மெல்லும்போது ஓசை எழும். தண்டில் காதை ஒட்டிவைத்துக் கேட்டு, 'உள்ளே நெறுநெறுக்கிறது' என்று சொல்லும் அனுபவசாலிகள் நம் தோப்புகளில் உண்டு. இது சரியான முறையே. ஆனால் புழு பெருத்தபின்தான் வெறுங்காதுக்கு அவ்வோசை எட்டும். வயதானவர் காதுக்கு அதுவும் எட்டாது. 1980-களின் நடுவில் இவ்வண்டு வளைகுடா நாடுகளின் பேரீச்சைத் தோப்புகளில் புகுந்து பெரும் நாசம் விளைவித்த பிறகு, மரத்துக்குள் எழும் ஓசையைக் கருவி கொண்டு கேட்கும் ஆராய்ச்சி பல நாடுகளிலும் சூடு பிடித்தது. அக்கருவிகளின் அடிப்படை மிக எளியது. இன்று கிடைக்கும் சில்லறைச் சாமான்களைக் கொண்டு அதைச் சிற்றூரிலேயே கட்டிவிட இயலும். அதைத்தான் இப்பாடத்தில் காணப்போகிறோம்.

கருவியை விவசாயி தாமே கட்ட வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ மின்னணுப் பிரிவில் படிக்கும் பிள்ளை இருந்தால் போதும். ஊரில் பழுது பார்க்கும் ரேடியோ மெக்கானிக்கும் செய்து தருவார். ஆனால் கருவி என்ன செய்கிறது, எங்கே ஏமாற்றும் என்பதை மரத்துக்குச் சொந்தக்காரர் தெரிந்துவைத்திருத்தல் அவசியம். வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்பவர் அவரல்லவா?

பீசோ தகடு

பாடும் வாழ்த்து அட்டையிலும், அலாரக் கடிகாரத்திலும் மெல்லிய பித்தளை வட்டு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு முகத்தில் வெண்மையான பீங்கான் போன்ற படலம் ஒட்டியிருக்கும். இதுவே பீசோ தகடு. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்தனர். மின்சாரம் கொடுத்தால் தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும். அதை அதிரச் செய்தால் மின்சாரம் தரும். நமக்கு வேண்டியது இரண்டாவது குணம்.

27 மில்லிமீட்டர் அகலமுள்ள தகடு இந்த வேலைக்கு ஏற்றது. ஓர் இளநீரின் விலைகூட ஆகாது. ஒயர் பற்றவைத்தே விற்கப்படும் தகட்டை வாங்குவது நலம். பற்றவைப்புக் கம்பியின் சூடு சற்று நேரம் கூடுதலாகப் பட்டாலும் படலத்தின் மேலுள்ள வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். படலத்தில் ஈயம் கலந்திருப்பதால் உடைந்த துண்டுகளைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது.

சாதாரண மைக் காற்றில் வரும் ஒலியைக் கேட்கும். தோப்பில் அதை வைத்தால் காக்கை, அணில், பக்கத்துச் சாலையில் போகும் லாரி எல்லாம் கேட்கும், புழு கேட்காது. பீசோ தகடு தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வையே பெரிதும் வாங்குவதால் மரத்தின் உள்ளோசைக்கு இதுவே பொருத்தம். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. விரலால் தட்டினால் பல வோல்ட்டு தரும் இதே தகடு, புழு மெல்லும்போது ஒரு மில்லிவோல்ட்டு அளவோ அதற்கும் குறைவாகவோதான் தரும். இந்தச் சிறு அழுத்தத்தை அப்படியே கணக்கிடும் சில்லுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று பேனா டார்ச் செல்கள் தரும் 4.5 வோல்ட்டை 4,096 படிகளாகப் பிரித்துப் பார்ப்பது சில்லின் வழக்கம். ஒரு படி என்பது 1.1 மில்லிவோல்ட்டு. புழுவின் ஓசை ஒரு படியைக்கூடத் தாண்டாது. ஆகவே முதலில் ஓசையைப் பெருக்க வேண்டும்.

சில்லுக்குள்ளேயே பெருக்கி

பெருக்குவதற்கு ஆப்-ஆம்ப் என்ற செயற்பெருக்கி பயன்படுகிறது. 1968-இல் வெளிவந்த 741 என்ற எட்டுக்கால் சில்லை மெக்கானிக்குகள் எல்லோரும் அறிவார்கள். அதற்கு இரட்டை மின் ஊட்டம் வேண்டும், சுற்றிலும் பல உதிரிகள் வேண்டும். இப்போது மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகள் சிலவற்றில் ஆப்-ஆம்ப்பும் உள்ளேயே அமைந்து வருகிறது. பெருக்குவது, அளப்பது, எண்ணுவது மூன்றும் ஒரே சில்லில் முடிந்துவிடும். தோப்புக்கு எடுத்துச் செல்லும் கருவியில் உதிரிகளும் இணைப்புகளும் குறையக் குறையத் தொல்லையும் குறையும்.

மைக்ரோசிப் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஏ.வி.ஆர். டி.பி. வரிசையை இங்கு எடுத்துக்கொள்வோம். இதில் ஏ.வி.ஆர்.128டி.பி.28 என்ற 28 கால் சில்லு, சாதாரணத் துளைப் பலகையில் செருகும் வடிவிலும் கிடைக்கிறது. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப்கள் உள்ளன. ஒவ்வொன்றுடனும் ஓர் ஏணிபோல ரெசிஸ்டர் வரிசையும் சேர்ந்தே இருக்கிறது. எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை அந்த ஏணியின் எந்தப் படியில் இணைப்பது என்று நிரலில் எழுதியே தீர்மானிக்கலாம். கடைசிப் படியில் வைத்தால் ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு என்ற கணக்கில் 16 மடங்கு பெருக்கம் கிடைக்கும். இரண்டையும் தொடராக இணைத்தால் 16 பெருக்கல் 16, அதாவது 256 மடங்கு. ஒரு மில்லிவோல்ட்டு ஓசை கால் வோல்ட்டாகி, அளக்கும்போது 230 படிகளுக்கு மேல் ஏறி நிற்கும். எஸ்.டி.எம்.32 ஜி4 என்ற வரிசையில் ஒரே ஆப்-ஆம்ப்பில் 64 மடங்கு வரை வைக்கலாம். ஆனால் அதன் கால்கள் மிக நெருக்கமானவை. கையால் பற்றவைக்கப் பழக்கம் வேண்டும்.

பாதி நிறைந்த அண்டா

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று நின்று விளங்கிக்கொள்வோம்.

தகட்டின் மின்னழுத்தம் அலைபோல மேலும் கீழும் ஆடுவது. சில்லுக்கோ பூஜ்யத்துக்குக் கீழும் தெரியாது, பேட்டரியின் அளவுக்கு மேலும் தெரியாது. ஓர் அண்டாவில் நீர் அலையாடுவதற்கு நீர் பாதி அளவில் நிற்க வேண்டும். அடியில் நின்றால் கீழ் அலைக்கு இடமில்லை. விளிம்பு வரை நின்றால் மேல் அலை வழிந்துவிடும். அதுபோலப் பெருக்கியின் வெளிவாயிலில் ஓசை இல்லாத நேரத்தில் பேட்டரியின் பாதி அழுத்தம் நிற்க வேண்டும்.

இதைக் கேட்டவுடன் சம அளவுள்ள இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டு உள்வாயிலில் பாதி அழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பிழை. இந்த அமைப்பில் பெருக்கி ஓசையை மட்டுமின்றி, நிற்கும் அழுத்தத்தையும் 16 மடங்காக்கும். 2.25 வோல்ட்டின் 16 மடங்கு 36 வோல்ட்டு. பேட்டரியில் இருப்பது நாலரைதான். எனவே வெளிவாயில் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். 'சில்லு கெட்டுவிட்டது' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உள்ளே கொடுக்க வேண்டியது பாதியின் பதினாறில் ஒரு பங்கே ஆகும். இதற்கு உள்வாயிலிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டரும், உள்வாயிலிலிருந்து எதிர்முனைக்கு 33 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போடுக. 4.5 வோல்ட்டில் உள்வாயிலில் 0.14 வோல்ட்டு நிற்கும்; 16 மடங்கில் வெளிவாயிலில் 2.3 வோல்ட்டு, ஏறக்குறையப் பாதி. செல் தேய்ந்து மொத்தம் 3.6 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இந்த விகிதம் மாறாது. அப்போதும் வெளிவாயில் பாதியிலேயே நிற்கும்.

இச்சில்லு 1.8 முதல் 5.5 வோல்ட்டு வரை தாங்கும். மூன்று செல்கள் போதும். நான்கு செல் போடும் பெட்டியை வாங்கிவந்து நான்கையும் நிரப்பினால் 6 வோல்ட்டாகிச் சில்லு போய்விடும். அடாப்டர் வைத்து வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதும் வேண்டாம். அதன் இரைச்சல் உள்ளே புகும்.

காற்றைக் கழித்தல்

அந்த 33 கிலோ ஓம் இன்னொரு வேலையையும் செய்கிறது.

பீசோ தகடு ஊற்றுக் குறைந்த கிணறு போன்றது. அதில் நிதானமாக இறைத்தால் நீர் நிற்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் போட்டால் வற்றிவிடும். தகட்டின் குறுக்கே போடும் ரெசிஸ்டர் சிறிதாகச் சிறிதாக, மெதுவாக ஆடும் அதிர்வுகள் முதலில் வற்றிப்போகும். வேகமான அதிர்வுகள் தப்பும். இசைக் கருவிக்குத் தகடு பொருத்துபவர்கள் தாழ்ந்த ஒலியும் வேண்டும் என்பதால் மெகா ஓம் கணக்கில் பெரிய ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது அவர்களுக்குச் சரி. நமக்குத் தாழ்ந்த ஒலியே பகை. மரம் காற்றில் ஆடுவது, தூரத்து டிராக்டரின் உறுமல், பம்புசெட் கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாம் தாழ்ந்தவை. புழு மெல்லும் சொடுக்குகளோ ஆயிரம் ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ளவை. சொளகில் போட்டுப் புடைப்பது போல இரண்டையும் இங்கேயே பிரித்துவிடலாம்.

கணக்கு எளிது. 1,59,000 என்ற எண்ணை, ரெசிஸ்டரின் கிலோ ஓம் அளவையும் தகட்டின் நானோ பாரட் அளவையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வற்றத் தொடங்கும் என்பது ஹெர்ட்ஸில் கிடைக்கும். 27 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 20 நானோ பாரட். 1 மெகா ஓமும் 33 கிலோ ஓமும் சேர்ந்து தகட்டுக்கு 32 கிலோ ஓம்போலத் தோன்றும். 32 பெருக்கல் 20 என்பது 640; 1,59,000-ஐ 640-ஆல் வகுத்தால் 248. அதாவது 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை குறைந்துகொண்டே போகும்.

முதல் பெருக்கிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் 10 நானோ பாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட வேண்டும். மெக்கானிக் இதைக் கண்டன்சர் என்பார். முதல் பெருக்கியில் நிற்கும் 2.3 வோல்ட்டு இரண்டாவதற்குள் போகாமல் இது தடுக்கும். அங்கும் அதே 1 மெகா ஓம், 33 கிலோ ஓம் இணையைப் போட்டால், அதே கணக்குப்படி 500 ஹெர்ட்ஸில் இரண்டாவது சல்லடை அமைந்துவிடும். இரண்டையும் தாண்டும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இப்படிக் கழிக்காமல் 256 மடங்கு பெருக்கினால் காற்றின் ஆட்டமே அண்டாவை வழியச் செய்துவிடும். அதன்பின் எந்த நிரலாலும் புழுவின் ஓசையைப் பிரித்தெடுக்க முடியாது.

இணைப்பு

தகட்டின் பித்தளை முகத்து ஒயர் எதிர்முனைக்கு. பீங்கான் முகத்து ஒயர் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில்லின் பி.டி.1 என்ற காலுக்கு. இதுவே முதல் ஆப்-ஆம்ப்பின் உள்வாயில். அக்காலிலிருந்து நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் முன்சொன்ன இரு ரெசிஸ்டர்கள். அதே காலில் 1என்4148 டயோடு இரண்டு, ஒன்று நேர்முனைப் பக்கமாகவும் மற்றொன்று எதிர்முனைப் பக்கமாகவும், மின்சாரம் வழக்கமாகச் செல்லாத திசையில் போடுக. தகடு கைதவறி விழுந்தால் எழும் பெரும் அழுத்தத்தை இவை வெளியே தள்ளிச் சில்லைக் காக்கும்.

முதல் பெருக்கியின் வெளிவாயில் பி.டி.2. அதிலிருந்து 10 நானோ பாரட் கெப்பாசிட்டர் வழியாக, இரண்டாவதன் உள்வாயிலான பி.டி.4-க்கு. இறுதி வெளிவாயில் பி.டி.5. அதே காலைச் சில்லின் அளவிடும் பகுதி உள்ளேயே படித்துக்கொள்ளும். தனியே ஒயர் வேண்டாம். சில்லின் மின் ஊட்டக் கால்கள் ஒன்றையும் விடாமல் இணைத்து, அவற்றின் அருகிலேயே 0.1 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர் போடுவது அவசியம்.

நிரல் எழுதுபவர் ஒவ்வோர் ஆப்-ஆம்ப்புக்கும் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: நேர் உள்வாயில் வெளிக்காலில், எதிர் உள்வாயில் ஏணியின் நடுப்படியில், ஏணியின் உச்சி வெளிவாயிலில், ஏணியின் அடி எதிர்முனையில். படி எண் 7.

தகட்டிலிருந்து பெட்டி வரை மைக்குக்குப் போடும் வலைபின்னிய ஷீல்டு ஒயரையே பயன்படுத்துக. வலை எதிர்முனையோடு சேரட்டும். தகட்டுக்கே 20 நானோ பாரட் இருப்பதால் நாற்பது, ஐம்பது அடி ஒயரால் ஓசை பெரிதாகக் குறையாது. மரமேறியிடம் தகட்டை மட்டும் கொடுத்தனுப்பிக் கீழே நின்றபடி கொண்டைப் பகுதியைக் கேட்கலாம்.

கட்டி முடித்தவுடன் மல்டிமீட்டரை எடுத்து பி.டி.2, பி.டி.5 இரண்டிலும் அளந்து பார்க்க வேண்டும். பேட்டரியின் ஏறக்குறையப் பாதி காட்ட வேண்டும். ஒன்று உச்சியிலோ அடியிலோ நின்றால் ரெசிஸ்டர் இடம் மாறியிருக்கிறது. பிறகு தகட்டை ஒரு காய்ந்த கழியின் முனையில் ஒட்டி, மறுமுனையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் எண்ணிக்கை ஏறும். கைக்கடிகாரத்தைத் தகட்டின் மேல் வைத்தால் அதன் டிக்டிக் ஓசையும் தெரிய வேண்டும்.

எண்ணும் முறை

சில்லு நொடிக்கு 20,000 தடவை பி.டி.5-ஐ அளக்கட்டும். முதல் பத்து நொடிகளில் நடு அளவு எது, சாதாரண இரைச்சல் எவ்வளவு என்று அது கணித்துக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து இரைச்சலின் ஐந்து மடங்குக்கு மேல் விலகினால் ஒரு சொடுக்கு என்று எண்ணலாம். ஒரு சொடுக்கு ஆயிரத்தில் சில பங்கு நொடியே நீடிக்கும். அதன் அதிர்வு அடங்கும் வரை, நூறில் ஒரு பங்கு நொடிக்கு, மறுபடி எண்ணாமல் விட வேண்டும்.

தனிச் சொடுக்கை நம்ப வேண்டாம். வெயிலில் சூடேறும் மட்டையும் சொடுக்கும், எறும்புச் சாரையும் உராயும். புழு தின்னும்போது சொடுக்குகள் கொத்துக் கொத்தாக வரும். கால் நொடிக்கு மேல் இடைவெளி விடாமல் ஏழெட்டுச் சொடுக்குகள் தொடர்ந்தால் ஒரு கொத்து என்று வைத்து, மூன்று நிமிடத்துக்கு எத்தனை கொத்து என்று கணக்கிடுவது நலம். கேட்கும் நேரத்தில் எந்த விளக்கும் மின்னக்கூடாது. விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் பேட்டரி சற்றே தளரும். அந்தத் தளர்ச்சி 1 மெகா ஓம் வழியாக உள்ளே நுழைந்து பெருகிப் பொய்ச் சொடுக்காகும். மூன்று நிமிடம் முடிந்தபின் எண்ணைக் காட்டினால் போதும்.

தோப்புக்குக் கொண்டுபோகுமுன் கருவிக்குப் புழுவின் ஓசையைப் பழக்க ஒரு வழி உண்டு. கூன்வண்டுப் புழுவை ஆராய்ச்சிக்காக வளர்ப்பவர்கள் கரும்புத் துண்டில் வளர்ப்பார்கள். தாக்கப்பட்டு வெட்டிய மரத்திலிருந்து ஒரு புழுவை எடுத்து, துளையிட்ட கரும்புத் துண்டில் விட்டு வாயை அடைத்து, அக்கரும்பில் தகட்டை வைத்துக் கேளுங்கள். கொத்துகள் எப்படி வருகின்றன என்று பார்த்து நிரலைச் சரிசெய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் கரும்போடு எரித்துவிட வேண்டும்.

மரத்தில் பொருத்துதல்

மின்னணு வேலை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தகடு மரத்தைச் சரியாகப் பற்றாவிட்டால் பயன் இல்லை. தென்னையின் தண்டு சொரசொரப்பானது. அதன் மேல் தகட்டைத் துணியால் கட்டினால் ஒன்றிரண்டு முனைகளில் மட்டுமே தொடும். தட்டையான தலையுள்ள 2 அங்குல ஆணியில் தகட்டின் பித்தளை முகத்தை அரால்டைட் பசையால் ஒட்டி, ஆணியின் வழியாகக் கேட்பதே சிறந்த முறை. ஆணி உள்ளே எழும் அதிர்வைத் தகட்டுக்கு ஏந்தி வரும். ஆணியை அடித்துவிட்டுத் தகட்டை ஒட்ட முடியாது. ஒட்டிவிட்டு அடிக்கவும் முடியாது. ஆகவே முதலில் அதே கனமுள்ள வேறோர் ஆணியால் துளையிட்டு, அதைப் பிடுங்கிவிட்டு, தகடு ஒட்டிய ஆணியைக் கையால் அழுத்திச் செருக வேண்டும்.

இதில் எச்சரிக்கை தேவை. காயம்பட்ட தண்டின் வாடைக்குத்தான் கூன்வண்டு வருகிறது. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்டி வெட்டாமல் 4 அடி விட்டு வெட்டச் சொல்வதும் இதனாலேயே. வண்டைத் தேடப் போய் நாமே வாசல் திறந்து வைக்கலாகாது. எனவே சந்தேகமில்லாத மரங்களில் தண்டைத் துளைக்க வேண்டாம். வெட்டியபின் எஞ்சிய காய்ந்த மட்டை அடியில் ஆணியைச் செருகிக் கேட்டால் போதும். சாறு வடியும் மரத்தில் ஏற்கெனவே உள்ள துளையருகே கேளுங்கள். புதுத் துளை போட நேர்ந்தால் ஆணியை எடுத்த உடனேயே தாரோ சிமெண்டுச் சாந்தோ வைத்து அடைத்துவிட வேண்டும். நாளைக்கு என்று விடக்கூடாது.

ஈரமும் நாரும் நிறைந்த தண்டில் ஓசை வெகுதூரம் போகாது. ஓரிடத்தில் கேட்காவிட்டால் இரண்டு மூன்று அடி தள்ளி மறுபடி கேட்க வேண்டும். இளமரத்தில் தரையை ஒட்டிய அடித்தண்டு, வளர்ந்த மரத்தில் கொண்டையின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். காற்று அடங்கிய விடியற்காலையே ஏற்ற நேரம். பம்புசெட்டை நிறுத்திவிடுக. அதே காலையில் நன்றாக இருக்கும் மூன்று மரங்களையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, சந்தேக மரத்தின் எண்ணை அவற்றோடு ஒப்பிட வேண்டும். தனி எண் ஒன்றும் சொல்லாது. மூன்று காலைகள் தொடர்ந்து ஒரே மரம் மற்றவற்றைவிடப் பலமடங்கு கொத்துகள் காட்டினால் அம்மரத்தில் புழு இருப்பதாகக் கொண்டு நடவடிக்கை எடுப்பது நலம்.

எண்ணிக்கை ஏறாவிட்டால் மரம் சுத்தம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. முட்டைக்கு ஓசையில்லை. அப்போதுதான் பொரிந்த புழுவின் கடி மிக மெல்லியது. கூட்டுப்புழு தின்பதே இல்லை. ஆகையால் சாறு வடிவது கண்ணுக்குத் தெரிந்தால் கருவி என்ன சொன்னாலும் கண்ணையே நம்புக. சந்தேகமுள்ள மரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டு வந்தால், முதலில் எட்டாத இளம்புழு வளர்ந்ததும் பிடிபடும்.

புழு இருப்பது உறுதியானால் அந்தத் துளையைச் சுத்தம் செய்து, உள்ளே எட்டும் புழுக்களையும் கூடுகளையும் எடுத்து அழித்து, துளைகளை அடைக்க வேண்டும். முன்பு பரிந்துரைக்கப்பட்ட சில மருந்துகள் இப்போது விலக்கப்பட்டுள்ளதால், பழைய துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து மருந்து வாங்க வேண்டாம். இப்போதைய பரிந்துரையை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிக. கொண்டை சாய்ந்த மரத்தை வெட்டிக் கிடத்தி வைப்பது அடுத்த மரங்களுக்கு ஆபத்து. துண்டுகளாகப் பிளந்து, புழுக்களையும் கூடுகளையும் வண்டுகளையும் பொறுக்கி, தோப்புக்கு வெளியே அன்றே எரித்துவிட வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் சொல்லி, ஒரே கருவியைக் கொண்டு அவருடைய எல்லையோர மரங்களையும் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். வண்டுக்கு வரப்பு கிடையாது.